காணாமல் போன ஓவியமும் தேடிப் போகும் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுவர்களுக்குத் துப்பறியும் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களில் நிறையப் பேர் முதலில் கையில் எடுப்பது ஓவியத் திருட்டைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்வதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. அப்போது திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். 9 முதல் 13 வயது வரையுள்ள வாசகர்களை மனதில் வைத்துச் சொன்னவை இவை.

நகை, பணம், புதையல் எல்லாம் இருக்க, ஏன் ஓவியம்?

காணாமல் போன நகையைப் பற்றி எவ்வளவு பேச முடியும்? இவ்வளவு எடை, இவ்வளவு விலை, அதோடு சரி. ஓவியத்துக்குள் ஒரு முகம் இருக்கும், ஒரு ஜன்னல் இருக்கும், யாரும் கவனிக்காத மூலையில் ஒரு நாய் படுத்திருக்கும். யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அதற்கென ஒரு பூர்வீகமும் உண்டு. தேடப்படும் பொருளுக்கே சொந்தக் கதை இருப்பது எழுதுகிறவருக்குப் பெரிய வசதி.

கதையில் ரத்தம் சிந்த வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். பத்து வயதுப் பிள்ளை படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

புகழ்பெற்ற ஓவியத்தை விற்கவே முடியாதே. அப்புறம் எதற்காகத் திருடுகிறான்?

இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்துவிட்டதென்றால் பாதி நாவல் கைக்கு வந்த மாதிரி. நகையை உருக்கிவிடலாம், வண்டியைப் பிரித்து உதிரியாக விற்கலாம். உலகமே முகம் பார்த்துப் பழகிய ஓவியத்தை யாரிடம் கொண்டுபோய் நீட்டுவது? நீட்டிய இடத்திலேயே மாட்டிக்கொள்வான். அதனால் மற்றத் துப்பறியும் கதைகளில் "யார்?" என்ற கேள்வி செய்யும் வேலையை, ஓவியத் திருட்டில் "எதற்காக?" என்ற கேள்வி செய்கிறது. எதற்காக என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும் அத்தியாயத்தில் யார் என்பதும் கூடவே வந்துவிடும்.

உண்மையில் நடந்தவற்றையே பாருங்கள். 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஓவியங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலையை அங்கே முன்பு செய்திருந்த வின்சென்சோ பெருஜ்ஜா என்ற தொழிலாளி, மோனா லிசாவைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அதை பாரிஸில் தன் அறையிலேயே ஒளித்து வைத்திருந்தார். 1913 டிசம்பரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனபோது பிடிபட்டார். இத்தாலியின் சொத்தை இத்தாலிக்கே திருப்பிக் கொண்டுவந்தேன் என்பது அவர் சொன்ன காரணம். கூடவே பணத்தையும் எதிர்பார்த்தார். தேசபக்தியா, பேராசையா? இந்த இரட்டை மனசை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் துருவித் துருவிக் கேட்பதாக எழுதிப் பாருங்கள், நல்ல அத்தியாயம் ஒன்று கிடைக்கும்.

சரியாக 50 வருடம் கழித்து, சொல்லிவைத்தாற்போல் அதே ஆகஸ்ட் 21 அன்று, லண்டன் நேஷனல் கேலரியிலிருந்து கோயா வரைந்த வெல்லிங்டன் கோமகன் உருவப்படம் காணாமல் போனது. ஓவியத்தைத் திருப்பித் தரப் பணம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. பணம் எதற்கு என்றால், வயதானவர்கள் டிவி பார்ப்பதற்குக் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்துக்கு! 1965-இல் பர்மிங்ஹாம் ரயில் நிலையத்தில் பயணிகள் பொருள்களை வைத்துவிட்டுப் போகும் அறையில் ஓவியம் கிடைத்தது. கெம்ப்டன் பன்டன் என்ற முன்னாள் பஸ் ஓட்டுநர் தானாகவே போய்ச் சரணடைந்தார். வழக்கில் இன்னும் வேடிக்கை. ஓவியம் திரும்பி வந்துவிட்டதால் அதைத் திருடிய குற்றம் நிற்கவில்லை. திரும்பி வராத படச்சட்டத்தைத் திருடியதற்காக மட்டும் மூன்று மாதம் சிறை. எடுத்தது அவர் அல்ல, அவருடைய மகன் என்று பல வருடங்கள் கழித்து வெளியான ஆவணங்கள் சொல்லின.

பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அன்று பறிபோனவை 13 பொருள்கள். ரெம்ப்ராண்ட் வரைந்த ஒரே கடற்காட்சியும் வெர்மீரின் ஓவியம் ஒன்றும் அதில் உண்டு. அதே கையோடு, நெப்போலியன் காலத்துக் கொடிக்கம்பத்தின் உச்சியில் இருந்த ஒரு வெண்கலக் கழுகையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். விலைமதிப்பில்லாத வேறு ஓவியங்கள் சுவரில் அப்படியே இருக்க, கழுகு எதற்கு? இன்றுவரை விடை இல்லை. நாவலுக்கு இதைவிட நல்ல கொக்கி கிடைக்குமா?

உங்கள் கதைக்கு வேறு காரணமும் வைக்கலாம். எனக்குப் பிடித்தது இது: அடுத்த வாரம் ஒரு ஓவியத்தை எக்ஸ்ரே பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்கள். பரிசோதித்தால் அது போலி என்பது வெளியே வந்துவிடும். அந்தப் போலியை நிறுவனத்தின் தலையில் கட்டியவரே அதைத் "திருடி" விடுகிறார். எல்லோரும் ஓவியத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பரிசோதனை என்று குறித்திருக்கும் தேதியைப் பார்க்கிறவள் ஒரு சிறுமி மட்டும்.

பெரிய பெரிய போலீஸ்காரர்களால் முடியாததைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பதை யார் நம்புவார்கள்?

பிள்ளைகளைக் குட்டி போலீஸாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கைரேகை எடுப்பது, சந்தேகப்படுபவர்களை உட்கார வைத்து விசாரிப்பது, கார் துரத்தல் எல்லாம் பெரியவர்களின் ஆட்டம். அந்த ஆட்டத்தில் பிள்ளைகள் ஜெயிப்பதாகக் காட்டினால் பத்து வயது வாசகரே சிரிப்பார். பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு கை கூடுதல். கதையை அதன்மேல் கட்டுங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1879-இல் ஸ்பெயின் நாட்டின் அல்தமிரா குகைக்குள் மார்செலினோ சான்ஸ் டி சவுத்துவோலா என்பவர் பழங்காலக் கருவிகளைத் தேடித் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த 8 வயது மகள் மரியா சும்மா அண்ணாந்து பார்த்தாள். கூரை முழுக்க எருதுகள். அவ்வளவு பழைய மனிதர்கள் இப்படி வரைந்திருக்கவே முடியாது என்று அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். உண்மைதான் என்று முக்கியமான எதிர்ப்பாளர் ஒருவரே எழுதி ஒப்புக்கொள்ள 1902 ஆனது. அதற்குள் அந்தத் தந்தை இறந்துபோயிருந்தார். அப்பா தரையைப் பார்த்தார், மகள் கூரையைப் பார்த்தாள், பெரியவர்கள் நம்பவில்லை: உங்கள் நாவலின் எலும்புக்கூடு இந்த மூன்றுக்குள் இருக்கிறது.

இன்னொன்று, இதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது. இத்தாலியின் பியசென்சா நகரில் ரிச்சி ஒட்டி என்ற ஓவியக்கூடத்தில் குஸ்தாவ் கிளிம்ட் வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படம் இருந்தது. 1996-இல் ஒரு மாணவி அதை, எப்போதோ தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட வேறொரு கிளிம்ட் ஓவியத்தின் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அதே முகம், அதே சாய்வு. தொலைந்த படத்தில் தொப்பி கூடுதல். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொலைந்ததாக நினைத்த ஓவியம் இதன் அடியிலேயே இருந்தது. அதன் மேல்தான் கிளிம்ட் இரண்டாவது படத்தை வரைந்திருந்தார். எத்தனையோ வல்லுநர்கள் கடந்து போன படம் அது. அடுத்த வருடமே, 1997 பிப்ரவரியில், இந்த ஓவியம் திருட்டுப் போனது. எங்கே கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு இன்னும் சில வசதிகள் உண்டு. அவர்கள் கண் இருக்கும் உயரம் வேறு. படச்சட்டத்தின் கீழ்விளிம்பும் மேசையின் அடிப்பக்கமும் அவர்களுக்கு நேராகத் தெரியும். அவர்களிடம் நேரம் இருக்கிறது. ஒரே படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டுப் பெரியவர்கள் ரகசியம் பேசுவார்கள். இந்தக் கடைசி வசதியை மட்டும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டே வழக்கை முடிக்கும் கதைகளை நான் நிறையப் படித்துச் சலித்துவிட்டேன்.

எத்தனை பிள்ளைகள் இருக்கலாம்?

இரண்டு அல்லது மூன்று. ஐந்து பேர் என்றால் ஒவ்வொரு காட்சியிலும் ஐந்து பேருக்கும் ஏதாவது வசனம் தேட வேண்டியிருக்கும், எழுதுகிறவர் களைத்துப்போவார். இரண்டு பேர் என்றால் ஒருவர் படத்தைப் பார்க்கிறவராகவும் மற்றவர் மனிதர்களைப் பார்க்கிறவராகவும் இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளவும் நிறைய விஷயம் கிடைக்கும்.

எந்த மாதிரித் துப்புகள் வைக்கலாம்?

காலடித் தடமும் கிழிந்த துணியும் எந்தத் திருட்டுக் கதையிலும் கிடக்கும். ஓவியக் கதையில் ஓவியத்தைச் சார்ந்த துப்பு வேண்டும். அதைப் படித்து முடிக்கும் பிள்ளை அடுத்த முறை எங்கே ஒரு படத்தைப் பார்த்தாலும் அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டும்.

பின்பக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓவியத்தின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் ஒட்டிய சீட்டுகள், முத்திரைகள், கண்காட்சி எண்கள், ஆணி அடித்த விதம் எல்லாம் அதன் வாழ்க்கை வரலாறு. ஜெர்மனியில் வுல்ஃப்காங் பெல்ட்ராச்சி என்ற போலி ஓவியர் இது தெரிந்தே, பழைய சேகரிப்பாளர் ஒருவரின் பெயர் போட்ட சீட்டுகளைத் தானே தயாரித்துப் பின்னால் ஒட்டினார். ஓவியங்கள் குடும்பச் சொத்து என்று காட்ட, தன் மனைவியையே பாட்டி மாதிரி உடுத்தி உட்கார வைத்து, பின்னால் அந்த ஓவியங்களை மாட்டி, பழைய புகைப்படம் போல எடுத்தார். இவ்வளவும் செய்தவர் மாட்டிக்கொண்டது ஒரு வெள்ளை வண்ணத்தால். 1914-இல் வரைந்தது என்று சொன்ன படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்த வண்ணம் ஓவியர்களின் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 2010-இல் கைதானார், 2011-இல் தண்டனை.

இந்தக் காலமுரண் துப்பு பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். பழைய படத்தில் கைக்கடிகாரம் இருப்பது மாதிரிதானே? பிரஷ்யன் நீலம் என்ற வண்ணம் 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில்தான் முதலில் உருவானது. 1650-இல் வரைந்ததாகச் சொல்லும் ஓவியத்தின் வானத்தில் அது இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள், அல்லது யாரோ பிற்காலத்தில் அதைத் தொட்டுப் பூசியிருக்கிறார்கள். இந்த "அல்லது" முக்கியம். இரண்டாவது சாத்தியத்தைப் பிள்ளைகள் மறந்துவிட்டு, குற்றமில்லாத ஒருவர்மேல் பழி போடுவதாக நடுவில் ஒரு சறுக்கலை வைக்கலாம்.

வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஆய்வுக்கூடம் ஏது என்று கேட்பீர்கள். சரி, கண்ணால் மட்டும் பார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். பழைய வண்ணத்தில் விழும் மெல்லிய வெடிப்புகள் மரப்பலகையில் ஒரு மாதிரியும் துணியில் வேறு மாதிரியும் இருக்கும். பென்சில் வரைபடத்தில் நிழலுக்குப் போடும் சாய்கோடுகள் வலது கைக்காரருக்கு ஒரு பக்கமும் இடது கைக்காரருக்கு மறுபக்கமும் சாயும். லியனார்டோ டா வின்சி இடது கைக்காரர் என்பதால் அவர் வரைந்தவற்றை அடையாளம் காண இதையும் பார்ப்பதுண்டு. உங்கள் கதையில் ஒரு பிள்ளை இடது கைக்காரி என்று முதல் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிட்டு, பதினெட்டாவது அத்தியாயத்தில் அவளே அந்தச் சாய்வைக் கண்டுபிடித்தால்? வாசகர் தலையில் அடித்துக்கொள்வார், அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஓவியங்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் கதையில் இருந்தால் புற ஊதா விளக்கையும் கொண்டுவரலாம். இருட்டில் அந்த விளக்கைக் காட்டும்போது பழைய வார்னிஷ் பச்சை மஞ்சளாக மினுங்கும், பிற்பாடு பூசிய இடங்கள் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். பார்க்கப் பயங்கர அழகு. எழுதவும் நன்றாக வரும்.

ஓவியத்தைச் சுருட்டிக் குடைக்குள் ஒளித்து எடுத்துப் போனதாக எழுதியிருக்கிறேன். சரியா?

எதன்மேல் வரைந்தது என்பதைப் பொறுத்தது. மோனா லிசா பாப்லர் மரப்பலகையில் வரைந்தது. 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். அதைச் சுருட்டுவதும் கதவைச் சுருட்டுவதும் ஒன்றுதான். துணியில் வரைந்ததைச் சுருட்டலாம், ஆனால் பழைய வண்ணம் வெடித்து உதிரும். திருடனுக்கு ஓவியத்தின்மேல் அக்கறை இல்லை என்று காட்ட இதையே பயன்படுத்தலாம். தரையில் உதிர்ந்து கிடக்கும் நகக்கண் அளவு நீலத் துணுக்கு உங்கள் முதல் துப்பு.

காவல் ஏற்பாடுகள், லேசர் கதிர்கள் பற்றியெல்லாம் நிறையத் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். சிவப்புக் கதிர்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போவது சினிமாவுக்குச் சரி. நிஜத் திருட்டுகள் பல சங்கடப்படுத்தும் அளவுக்கு எளிமையானவை. 1994 பிப்ரவரி 12, நார்வேயில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கிய நாள். ஆஸ்லோவின் தேசிய ஓவியக்கூடத்தில் இரண்டு பேர் ஏணி வைத்து ஏறி, ஜன்னலை உடைத்து, மன்க் வரைந்த "அலறல்" ஓவியத்தை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள். மோசமான காவலுக்கு நன்றி என்று ஒரு அட்டையில் எழுதியும் வைத்தார்கள். அதே வருடம் மே மாதம் ஓவியம் மீட்கப்பட்டது.

பாஸ்டனில் போலீஸ் உடையில் இரண்டு பேர் நள்ளிரவுக்குப் பிறகு வந்து அழைப்பு மணி அடித்தார்கள், காவலாளி கதவைத் திறந்துவிட்டார். 81 நிமிடம் உள்ளே இருந்தார்கள். பூட்டைவிட மனிதர்களின் பழக்கம்தான் பலவீனமான இடம். உடுப்பைப் பார்த்ததும் நம்புவது, தினமும் வரும் ஆளைப் பார்க்காமலே வணக்கம் சொல்வது, "யாராவது எடுத்திருப்பார்கள்" என்று நினைத்துக்கொள்வது. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் திருட்டு நடந்த விதம் தயார்.

அசலை எடுத்துவிட்டு நகலை மாட்டுவதாக எழுதினால் பழைய தந்திரம் என்பார்களா?

பெரியவர்கள் சொல்வார்கள். பத்து வயது வாசகருக்கு எல்லாத் தந்திரமும் புதுசு. ஆனால் அந்த நகல் எங்கே தவறு செய்தது என்பதை நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும். நகலெடுப்பவர் எல்லோரும் பார்க்கும் இடங்களை நன்றாகச் செய்வார், முகம், கை, கண். அசட்டையாக விடுவது ஓரங்களில்தான். அந்த மூலை நாய்க்கு இப்போது வேலை வந்துவிட்டது, பாருங்கள்.

போலி ஓவியம் என்றால் ஹான் வான் மீகரென் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நெதர்லாந்துக்காரர். வெர்மீர் வரைந்தவை என்ற பெயரில் தானே வரைந்து விற்றார். அதில் ஒன்று நாஜித் தலைவர் கோரிங்கிடம் போய்ச் சேர்ந்தது. போர் முடிந்ததும் 1945-இல், நாட்டின் செல்வத்தை எதிரிக்கு விற்றதாக அவரைக் கைது செய்தார்கள். தப்பிக்க அவருக்கு ஒரே வழி, "அது வெர்மீர் அல்ல, நான் வரைந்தது" என்று ஒப்புக்கொள்வது. நம்பவில்லை. சாட்சிகள் முன்னால் இன்னொரு "வெர்மீர்" வரைந்து காட்டினார்! வண்ணம் பழையதுபோல் இறுக, பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் ரசாயனத்தைக் கலந்து அடுப்பில் சுட்டிருந்தார். குற்றவாளி தான் குற்றவாளி என்பதை நிரூபிக்கப் போராடும் கதை இது. தலைகீழாகப் போகும் இந்த மாதிரித் திருப்பம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நிஜ ஓவியத்தைக் கதையில் வைப்பதா, கற்பனையாக ஒன்றை உருவாக்குவதா?

இரண்டுக்கும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நிஜ ஓவியம் என்றால் வாசகர் தேடிப் போய்ப் பார்க்கலாம், உங்கள் துப்பு நிஜமாகவே அங்கே இருப்பதைக் கண்டு துள்ளலாம். ஆனால் அது இருக்கும் இடம், அளவு, எதன்மேல் வரைந்தது எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கற்பனை ஓவியம் என்றால் துப்பை உங்கள் இஷ்டத்துக்கு வைக்கலாம், ஆனால் அது வாசகர் கண்முன் எழுந்து நிற்கும்படி எழுத வேண்டும். நான் கற்பனைப் பக்கம். முதல் முறை எழுதியபோது அந்த ஓவியத்தை அரைப் பக்கத்தில் வர்ணித்துவிட்டுத் திருப்தியாக இருந்தேன்; படித்த பிள்ளை ஒருவன் "அந்தப் படத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்று கேட்டான். பதில் தெரியவில்லை. அப்புறம்தான் ஒரு காகிதத்தில் கோணல் மாணலாக அதை வரைந்து மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டேன். நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பிள்ளைகள் கையில் போன் இருந்தால் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே?

போனைப் பிடுங்கிவிடுவது எல்லோரும் செய்வது. சார்ஜ் போய்விட்டது, சிக்னல் இல்லை என்று ஒரே கதையில் மூன்று முறை எழுதியவரையும் பார்த்திருக்கிறேன். போனைக் கதைக்குள் விடுங்கள். திருட்டுப் போன கலைப்பொருள்களின் பட்டியல் ஒன்றை இன்டர்போல் வைத்திருக்கிறது. 50,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் உண்டு. பொதுமக்களும் தேடிப் பார்க்க ஐடி-ஆர்ட் என்ற செயலியை 2021-இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் அதில் தேடலாம். தேடி, அந்த ஓவியம் பட்டியலிலேயே இல்லை என்று தெரிய வந்தால்? திருட்டுப் போனதை உரியவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? போன் ஒரு கேள்விக்கு விடை தந்து, அதைவிடப் பெரிய கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டது.

சங்கேத எழுத்து, புதிர் எல்லாம் வேண்டுமா?

ஒன்று போதும். வாசகர் பென்சில் எடுத்துத் தானே அவிழ்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

திருடன் யாராக இருந்தால் நல்லது?

மூன்றாவது அத்தியாயத்துக்குள் வாசகர் சந்தித்துவிட்ட ஒருவர். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போன ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. கண்டுபிடித்த கணத்தில் வெற்றியும் வலியும் சேர்ந்தே வரும். கடைசியில் எங்கிருந்தோ குதிக்கும் சர்வதேசக் கும்பல் வேண்டவே வேண்டாம். இன்னொரு வேண்டுகோள்: ஏழைக் காவலாளி, புதிதாகக் குடிவந்தவர், முகத்தில் தழும்புள்ளவர் என்று முதல் சந்தேகத்தை எப்போதும் அவர்கள்மேலேயே போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், போட்டது தப்பு என்று பிள்ளைகள் போய் மன்னிப்புக் கேட்கும் காட்சியையும் எழுதுங்கள்.

துப்பு எதையும் வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இலையில் இல்லாமலே செய்யக் கூடாது.

பெற்றோரை என்ன செய்வது? அவர்கள் இருந்தால் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்களே.

அனாதையாக்குவது, ஊருக்கு அனுப்புவது எல்லாம் பழைய வழிகள். பெற்றோர் வீட்டிலேயே இருக்கட்டும், வேலையாக இருக்கட்டும், பிள்ளை சொல்வதைப் பாதி காதில் வாங்கட்டும். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நள்ளிரவில் திருடனைப் பிள்ளைகள் தனியாக எதிர்கொள்ளும் உச்சக்கட்டத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. வாசகர்கள் செய்து பார்க்கக்கூடியவர்கள். பகல் வெளிச்சத்தில், நிறையப் பேர் நடுவே, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைச் சுட்டிக்காட்டி ஒரு சிறுவன் ஒரே ஒரு கேள்வி கேட்கும் காட்சி, இருட்டில் ஓடுவதைவிடப் பத்து மடங்கு பதற்றம் தரும்.

தற்செயல் நிகழ்வுகள் எத்தனை அனுமதிக்கலாம்?

பிள்ளைகளைச் சிக்கலில் மாட்டிவிட எத்தனை வேண்டுமானாலும். சிக்கலை அவிழ்க்க ஒன்றுகூட இல்லை.

ஓவியத்தை எங்கே ஒளித்து வைக்கலாம்?

பாதாள அறையும் ரகசியச் சுரங்கமும் தேடி அலைய வேண்டாம். பெருஜ்ஜா மோனா லிசாவை வைத்திருந்தது ஒரு மரப்பெட்டியின் போலி அடித்தட்டுக்குக் கீழே. நெதர்லாந்தின் லாரன் நகரில் 2020 மார்ச் 30 அன்று, கொரோனாவுக்காக அருங்காட்சியகம் மூடியிருந்தபோது, வான் கோ வரைந்த ஒரு தோட்ட ஓவியம் திருட்டுப் போனது. அன்று வான் கோவின் பிறந்தநாள் வேறு. 2023-இல் ஆர்தர் பிராண்ட் என்ற கலைத் துப்பறிவாளரின் வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தார் ஒருவர், ஐக்கியா என்ற மரச்சாமான் கடையின் நீலப் பையில் போட்டு.

இப்போது கிளிம்ட். 1997-இல் போன அந்த உருவப்படம் 2019 டிசம்பரில் கிடைத்தது. ஓவியக்கூடத்தின் வெளிச்சுவரில் படர்ந்திருந்த கொடியைத் தோட்டக்காரர் வெட்டிச் சுத்தம் செய்தபோது ஒரு சின்ன உலோகக் கதவு தென்பட்டது. உள்ளே ஒரு பை. பைக்குள் ஓவியம். பரிசோதித்து அசல்தான் என்று 2020 ஜனவரியில் உறுதி செய்தார்கள். அந்த 22 வருடமும் அது அங்கேயேதான் இருந்ததா, பிற்பாடு யாராவது கொண்டுவந்து வைத்தார்களா என்பது வேறு புதிர். உலகமெங்கும் தேடிய பொருள், கட்டடத்தின் சொந்தச் சுவரில்! நீங்கள் கற்பனையாக எழுதியிருந்தால் "நம்பும்படி இல்லை" என்று நானே திருத்தச் சொல்லியிருப்பேன்.

கடைசியில் ஓவியம் கிடைத்தே ஆக வேண்டுமா?

இந்த வயது வாசகர்களுக்கு, பெரும்பாலும் ஆம். முந்நூறு பக்கம் கூடவே ஓடிவந்தவர்களை வெறும் கையோடு அனுப்பினால் கோபம் வரும். நிஜ உலகம் அவ்வளவு தாராளம் இல்லை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத் தேவாலயத்தில் இருக்கும் புகழ்பெற்ற பலிபீட ஓவியத்திலிருந்து 1934-இல் ஒரு பலகை களவு போனது. பணம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. அது இருக்கும் இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சாகும் தறுவாயில் ஒருவர் சொல்லிவிட்டு இடத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். இன்றும் அங்கே நிற்பது நகல் பலகை. பாஸ்டனில் ரெம்ப்ராண்ட் இருந்த சட்டங்கள் இன்னமும் காலியாகவே தொங்குகின்றன, 1 கோடி டாலர் வெகுமதி இன்னமும் கேட்பாரற்று இருக்கிறது.

ஆகவே நடுவழி ஒன்று உண்டு: தேடிய ஓவியம் கிடைக்கட்டும், ஆனால் அதைப் பற்றிய ஒரு கேள்விக்கு மட்டும் விடை தெரியாமல் இருக்கட்டும். படத்தில் இருக்கும் பெண் ஜன்னலுக்கு வெளியே யாரைப் பார்க்கிறாள் என்பது மாதிரி.

எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. நான் இதை எழுதலாமா?

எழுதலாம். ஏதாவது ஒரு ஓவியத்தின் முன்னால் இருபது நிமிடம் உட்காருங்கள். அச்சிட்ட படமாக இருந்தாலும் சரி. முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டதாகத் தோன்றும். எட்டாவது நிமிடம் அலுக்கும். அதற்கப்புறம் கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வையுங்கள், உங்கள் துப்புகள் அதில்தான் இருக்கும்.

முதல் அத்தியாயத்தை எங்கே தொடங்குவது?

வெறும் சுவரில். 1911 ஆகஸ்ட் 22 காலை, மோனா லிசா மாட்டியிருந்த அறைக்கு லூயி பெரூ என்ற ஓவியர் தன் வேலையாக வந்தார். சுவரில் நான்கு கொக்கிகள் மட்டும் இருந்தன. காவலாளியைக் கேட்டார். புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்றார் காவலாளி. ஓவியம் அதற்கு முந்தைய நாளே போய்விட்டது. ஒரு முழு நாள் அந்த இடம் காலியாக இருந்தும் யாருக்கும் உறைக்கவில்லை. அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோது அந்த வெறும் இடத்தைப் பார்க்கவே கூட்டம் வரிசையில் நின்றது.

அந்தக் காவலாளியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெரூ நின்ற இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். "போட்டோ எடுக்கவா? அப்படியென்றால் படச்சட்டம் ஏன் மாடிப்படியில் கிடக்கிறது?" என்று கேட்கட்டும்.